மலிவு மாடும் தீனிச் செலவும்!

மலிவாகக் கிடைக்கின்றது என்பதற்காக மட்டும் மாடு வாங்குவோர் மதுரைச் சீமையிலே உண்டோ? பேருந்து நிலையத்துக்கே மாட்டுத்தாவணி என்று பெயர் வழங்கும் மாநகரம் இது. தைத் திங்கள் முதல் நாளன்று வாடிவாசல் திறக்கும் அவனியாபுரம் இம்மாநகரின் தென்வாயில். இங்கே அரைக்கால் சட்டைச் சிறுவனுக்கும் மாட்டின் தரம் தெரியும். தாவணிக்குச் செல்லும் உழவன், துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவான். ஆனால் விரலைப் பிடிக்கும் முன்பே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்திருப்பான்! சுழி பார்த்திருப்பான், குளம்பு பார்த்திருப்பான், நடத்திப் பார்த்திருப்பான். "எவ்வளவு தீனி தின்னும்? எவ்வளவு உழைக்கும்?" என்று கேட்டிருப்பான். விலை ஒரு நாள் கொடுப்பது. தீனி நாள்தோறும் கொடுப்பது. இந்தக் கணக்கை அவனுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. அவன் வயிறு சொல்லித் தந்தது!

அந்த உழவனுக்குத் தெரிந்த கணக்கு, பட்டம் பெற்றுப் பதவியில் அமர்ந்து, பொதுமக்கள் பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டிக் கட்டடம் எழுப்பும் துரைத்தனத்தாருக்குத் தெரியவில்லையே! அல்லது, தெரிந்தும் தெரியாதார்போல் இருக்கின்றனரே!

கட்டடமும் தீனி தின்னும், தோழர்களே! மின்சாரமே அதன் தீனி. பள்ளியோ, மருத்துவமனையோ, மாநகராட்சி அலுவலகமோ, வணிக வளாகமோ — கட்டி முடிக்க ஓராண்டு, ஈராண்டு. தீனி போடுவதோ ஐம்பது ஆண்டு! திறப்பு விழாவன்று மாலை விழும். மறுநாள் மலர் வாடும். மின்கட்டணச் சீட்டு மட்டும் வாடாமல் வதங்காமல் வந்துகொண்டே இருக்கும். கல்வெட்டில் கட்டடத்தின் மதிப்பைப் பொறிக்கின்றார்கள். அது தின்னப்போகும் தீனியின் மதிப்பைப் பொறித்த கல்வெட்டை எவரேனும் எங்கேனும் கண்டதுண்டோ?

விலையைக் கேட்டு வாங்குகின்றார்கள். தீனியைக் கேளாமல் வாங்குகின்றார்கள்! சர்க்காரின் கொள்முதல் முறையில் உள்ள குற்றம் இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். ஒப்பந்தப்புள்ளி முறையை ஒழிக்க வேண்டுமென்று கூற வரவில்லை நான். எவர் விலை குறைவோ அவருக்கே வேலை என்ற விதி, சும்மா பிறந்ததன்று. வேண்டியவருக்கு வேலை, வேண்டாதவருக்குக் கதவடைப்பு. மாமனுக்கு மணல், மைத்துனனுக்குச் சிமெண்டு என்று நடந்த கூத்துகளுக்குக் கடிவாளமாகப் பிறந்தது அது. தமிழகத்தில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2000-ஆம் ஆண்டு அதற்கான விதிகள் வந்தன. விளம்பரம் செய், நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி வை, எல்லோர் முன்னிலையிலும் உறையைத் திற, எழுதிவைத்த அளவுகோலால் அளந்து, குறைந்த புள்ளியை ஏற்றுக்கொள் — இதுவே அச்சட்டத்தின் சாரம். நல்ல சட்டம், நாம் காக்க வேண்டிய சட்டம்.

ஆனால் அச்சட்டம் சொல்வதென்ன? 'எழுதிவைத்த அளவுகோலால் அளந்து' என்று சொல்கின்றது! அளவுகோலை எழுதுவது யார்? அதிகாரி. அவர் எழுதும் அளவுகோலில் வாங்கும் விலை மட்டும் இருக்கின்றது; ஓட்டும் செலவு இருப்பதில்லை. அளவுகோலைக் குட்டையாக வெட்டி வைத்துக்கொண்டு, 'சட்டம் கையைக் கட்டுகின்றது' என்று கையை விரிக்கின்றார்களே, இது முறைதானா?

இந்தக் கொடுமை எப்படி நடக்கின்றது என்பதைத் தோழர்கள் உணர வேண்டும். எவரோ ஒரு தீயவர் இருட்டறையில் அமர்ந்து சதி செய்வதால் நடப்பதன்று இது. ஏற்பாடே அப்படி அமைந்திருக்கின்றது. கட்டடத்துக்கு வரைபடம் போடுவது ஒரு துறை. மதிப்பீடு எழுதுவதும் அதுவே. கட்டி முடித்ததும் சாவி வேறொரு துறையிடம் போகின்றது. மின்கட்டணத்தை அந்த வேறொரு துறை கட்டுகின்றது. மேற்கூரைக்குக் குளிர்பூச்சு பூசினால் மதிப்பீட்டில் தொகை கூடும். கூடினால் மேலிடம் குறிப்பெழுதும். ஆகையால் முதல் துறை அதை அடித்துவிடுகின்றது. அடித்ததனால் மிச்சப்பட்ட தொகை அதன் கணக்கில் வரவு. ஐம்பது ஆண்டுக்கு வெந்து தணியாத கூரை அடுத்தவர் கணக்கில் செலவு! விலை விகிதப் பட்டியலில் இல்லாத பொருளை எழுதினால் தணிக்கையாளர் தடை எழுப்புவாரே என்ற அச்சம் வேறு. மின்சாரத்தை வீணாக்கியதற்காகத் தணிக்கைத் தடையைச் சந்தித்த பொறியாளரை நான் கேள்விப்பட்டதில்லை. புதிய பொருளை எழுதியதற்காக அஞ்சி நடுங்குவோரைப் பார்த்திருக்கின்றேன்.

இன்னொன்றும் உண்டு. கட்டடப் பணியில் வரைபடத்தைத் துறையே தந்துவிடுகின்றது. போட்டியிடும் ஒப்பந்தக்காரர் அனைவரும் ஒரே வரைபடத்துக்குத்தான் விலை சொல்கின்றனர். மேற்குவெயில் நேரே விழும்படி சாளரம் வைத்தது ஒப்பந்தக்காரர் அல்லர், வரைந்தவர்! ஆகவே ஒப்பந்தக்காரரை மட்டும் ஏசிப் பயனில்லை. தீனிப்பேய்க் கட்டடம் கருக்கொள்வது ஒப்பந்தப்புள்ளி திறக்கும் மேசையிலன்று. மதிப்பீடு எழுதும் மேசையிலே!

நாடகம் எழுதுபவன் நான். இதனை ஒரு காட்சியாகவே காட்டிவிடுகின்றேன்.

காட்சி ஒன்று. ஓர் அலுவலகம். பொதுமருத்துவமனைக்குக் குளிர்சாதனக் கருவி வாங்க ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்டிருக்கின்றது.

அதிகாரி: யார் விலை குறைவு?

எழுத்தர்: முதலாமவர் நூறு என்கிறார், ஐயா. இரண்டாமவர் நூற்றுப்பத்து.

அதிகாரி: முதலாமவருக்கே எழுது.

எழுத்தர்: ஐயா, இரண்டாமவரின் கருவி மின்சாரத்தைக் குறைவாக உண்ணுமாம். மூன்றே ஆண்டில் அந்தப் பத்து திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்.

அதிகாரி: மின்கட்டணம் நம் கணக்கிலா வருகிறது?

எழுத்தர்: இல்லை ஐயா, மருத்துவமனைக் கணக்கில்.

அதிகாரி: பிறகென்ன? அடுத்த கோப்பை எடு!

காட்சி இரண்டு. அதே மருத்துவமனை. சித்திரை மாதத்து நண்பகல். மகப்பேற்றுக் கூடத்தில் குளிர்சாதனம் நின்று கிடக்கின்றது. கைக்குழந்தையைப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கும் மூதாட்டி, "ஏனம்மா, அது ஓடாதா?" என்று கேட்கின்றாள். "கரண்ட் பில் எகிறுகிறது பாட்டி, மதியம் நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு" என்கின்றாள் செவிலி.

சிரிக்கத் தோன்றுகின்றதா, தோழர்களே? அந்த மூதாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் காட்சியில் மிச்சப்படுத்திய பத்தை இரண்டாம் காட்சியில் வியர்வையாக வடிப்பவள் அவள்தானே!

காட்சி கற்பனை, கணக்கு கற்பனையன்று. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆயினும் பெருக்கலும் வகுத்தலும் மறந்துவிடவில்லை. பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று கடைத்தெருவில் விற்கும் புதுவகை விசிறி, அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தரும். வேறுபாடு 45 வாட். ஒரு பள்ளியில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் விசிறி சுழல்வதாகக் கொள்வோம். 2,000 மணி நேரம். ஒரு விசிறிக்கு 90 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். புதுவகை விசிறிக்கு 1,500 ரூபாய் கூடுதல் விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈராண்டும் ஒரு திங்களும் கடந்தால் கூடுதல் விலை திரும்பிவிடும்! நூறு விசிறி உள்ள பள்ளிக்கு, பத்தாண்டில் மின்கட்டண மிச்சம் 7,20,000 ரூபாய். கூடுதல் விலை 1,50,000 போக, நிகர மிச்சம் 5,70,000. ஒரு சிறு நூலகம் அமைக்கலாமே, ஐயா! குடிநீர்த் தொட்டி கட்டலாமே! குறைந்த விலைக்கு வாங்கினோம் என்று மார்தட்டிய அதிகாரி, அந்த நூலகத்தையல்லவா மின்கம்பியில் தொங்கவிட்டுவிட்டார்!

"அதெல்லாம் சரி, இதற்கென்று தில்லி ஒரு நெறிமுறை வகுத்திருக்கின்றதே" என்று சிலர் குறுக்கிடுவர். ஆம், வகுத்திருக்கின்றது. அதன் கதையையும் கேளுங்கள்.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. அமெரிக்காவே ஆட்டம் கண்டது. அந்த அடியில் பாடம் படித்த கலிபோர்னியா மாநிலம், 1978-லேயே கட்டடங்களுக்கு எரிசக்தி விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலோ எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது 2001-ல். அதன்கீழ் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது 2002-ல். வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு நெறிமுறை வெளியானது 2007 மே திங்களில். கலிபோர்னியாவுக்கும் நமக்கும் இடையே 29 ஆண்டு!

வெளியான பிறகேனும் ஓடியதா? விருப்பம் உள்ளோர் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே பிறந்தது அது. மாநிலங்கள் தம் தட்பவெப்பத்துக்கேற்பத் திருத்தி, தம் கட்டட விதிகளில் சேர்த்து ஆணையிட்டால்தான் அதற்கு உயிர் வரும். 2014-ல் பிரிவினைக்கு முன்பிருந்த ஆந்திரம் ஆணையிட்டது. பின்னர்த் தெலங்கானா அதனைக் கட்டட அனுமதியோடு பிணைத்தது. 2023-ல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையும் அறிவித்தது. பல மாநிலங்களிலோ நெறிமுறை அலமாரியிலே துயின்றது. தில்லியார் நூல் எழுதினர். அதைப் படித்து, வரைபடத்தைச் சரிபார்த்து, கட்டடத்தை நேரில் ஆய்வு செய்ய நகராட்சிகளுக்குப் போதிய ஆளும் பயிற்சியும் வேண்டுமே என்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலைகொண்டாரில்லை. உரை எழுதுவோர் ஓரிடம், உழைக்க வேண்டியோர் வேறிடம்!

2017-ல் நெறிமுறை திருத்தப்பட்டது. அதன்படி கட்டினால், வழக்கமான கட்டடத்தைவிட 25 விழுக்காடு எரிசக்தி மிச்சமாகும் என்று பணியகமே கூறுகின்றது. அதில் உள்ள விதிகள் என்ன? விண்வெளி விஞ்ஞானமா? இல்லை! வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறக் கூரை. வெப்பம் புகாத சுவர். சாளரத்துக்கு மேலே நிழல் தரும் தாழ்வாரம். சுவர்ப்பரப்பில் கண்ணாடி 40 விழுக்காட்டுக்கு மேற்படாதிருத்தல். பகலொளி உள்ளே வர வழி. குறைவாக உண்ணும் விளக்கும் குளிர்சாதனமும். வேறு வகையில் கட்ட விரும்புவோர், கட்டடத்தின் மொத்த மின்செலவைக் கணித்துக் காட்டித் தேறிக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மதுரைக்காரனுக்குச் சிரிப்பு வரும். திருமலை நாயக்கர் மகாலை எண்ணிப் பாருங்கள். 1636-ல் எழுந்த கட்டடம். மன்னராட்சியின் படாடோபத்தைப் போற்றுவது நம் வேலையன்று. ஆனால் அந்தப் பருத்த சுவரும், உயர்ந்த தூணும், சுதைப் பூச்சும், நடுமுற்றமும் சித்திரை வெயிலிலே தரும் தண்மையை எவர் மறுக்க முடியும்? நம் பாட்டன் வீட்டுத் திண்ணையும், ஓட்டுக்கூரையும், வெள்ளையடித்த சுவரும் அதே பாடத்தின் எளிய பதிப்பு. கொத்தனார் கையில் இருந்த அறிவைத் தொலைத்தோம். குளிர் நாட்டுக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வெயில் நாட்டிலே வைத்தோம். உள்ளே அனல் புகுந்ததும் குளிர்சாதனத்தை மாட்டினோம். வெயிலை விலை கொடுத்து வாங்கி, அதை விரட்டவும் விலை கொடுக்கின்ற விந்தையை வேறெங்கு காண்பது?

அவனியாபுரத்தைச் சுற்றி வாருங்கள். 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதி இது. அந்த இணைப்பில்தான் வட்டங்கள் 72-லிருந்து 100 ஆயின. வயலாக இருந்த நிலம் மனையாகி, மனை மாடியாகி வருகின்றது. விமான நிலையச் சாலையிலும் சுற்றுச்சாலையிலும் அங்காடியும் மண்டபமும் மருத்துவமனையும் தங்கும் விடுதியும் எழுகின்றன. எழட்டும்! வாணிபம் வளரட்டும்! நாம் வாழ்த்துகின்றோம். ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு இந்த வட்டாரம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது, இந்தச் சில ஆண்டுகளில் இங்கே எழும் சுவர்களிலே எழுதப்படுகின்றது. எழுதி முடித்தபின் அழிக்க முடியாது. 2012-ல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு வாட்டியபோது, விசைத்தறி நின்றது, மாவரைக்கும் ஆலை நின்றது, தேர்வுக்குப் படித்த பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கைத் தேடியது. மறந்துவிட்டோமா? ஒருவன் வீணாக்கும் மின்சாரம், இன்னொருவன் வீட்டு இருட்டு!

இங்கேதான் நெறிமுறையின் ஒரு பெரிய ஓட்டையைக் காண்கின்றோம். தொடர்பு மின்பளு 100 கிலோவாட், அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ. — இந்த அளவையும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கே அது பொருந்தும். 2022-ல் திருத்தப்பட்ட சட்டம், இந்த வரம்பை இன்னும் கீழே இறக்க மாநிலங்களுக்கு உரிமை தந்திருக்கின்றது. உரிமை தாளிலே இருந்தால் போதாது, பயன்படுத்தப்பட வேண்டும். அதுவரை, நம் வட்டத்தில் கட்டப்படும் தொடக்கப்பள்ளியும், ஆரம்ப சுகாதார நிலையமும், வட்ட அலுவலகமும் இந்த வரம்புக்கு வெளியே நிற்கும்.

நிற்கட்டுமே! சட்டம் தொடாத இடத்தைப் பணப்பை தொடும், தோழர்களே! தனியார் கட்டடத்துக்கு விதி போடத்தான் சட்டம் வேண்டும். சர்க்கார் தன் பணத்தில் தான் கட்டும் கட்டடத்துக்கு நிபந்தனை போட யார் அனுமதி வேண்டும்? வாங்குபவன் அவன், கேட்பவன் அவன், கொடுப்பவன் அவன்! ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் நான்கு வரி எழுதினால், மறுநாளே அது அவ்வேலைக்குச் சட்டம். நகருக்கு நகர் அப்படி எழுதினால், அந்தப் பொருளைச் செய்வோர் பெருகுவர், அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் மின்பணியாளரும் பெருகுவர், விலையும் இறங்கும், பிறகு தனியாரும் அதையே வாங்குவர். சந்தையைத் திருத்தச் சாட்டை வேண்டியதில்லை. பெரிய வாடிக்கையாளன் பிடிவாதம் பிடித்தால் போதும்.

இது கனவன்று, கண்முன் நடந்தது. மத்திய மின்துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் அமைத்த எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் நிறுவனம், எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியது. 2014-ல் விளக்கு ஒன்றுக்குக் கொடுத்த விலை 310 ரூபாய். 2016-ல் அது 38 ரூபாய்! தில்லியின் ஆயிரம் குறைகளை அடுக்கும் நாம், இந்த ஒரு நல்ல செயலை மறைக்க வேண்டியதில்லை. மாற்றான் தோட்டத்து மல்லிகையும் மணக்கும் என்ற பரம்பரையில் வந்தவர்கள் நாம். 'விலை அதிகம், ஏழை நாட்டுக்கு ஏற்காது' என்று முகாரி பாடுவோர்க்கு இந்த 310-உம் 38-உம் விடை சொல்லட்டும். ஏழை நாடு என்பதால்தான் தீனி குறைந்த மாடு வேண்டும், ஐயா! பணக்காரன் வீட்டில் எது தின்றாலும் தாங்கும். ஏழை வீட்டில் தாங்குமோ?

அடுத்து வருகின்றது பெரிய பூச்சாண்டி. "குறைந்த விலை என்ற விதியைத் தளர்த்தினால் ஊழல் புகுந்துவிடும்" என்கின்றனர். இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நியாயமான அச்சம் அது. 'தரம்' என்ற சொல்லைத் திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னே வேண்டியவரை உள்ளே விடும் வித்தை தெரிந்தவர்கள் நாட்டில் உண்டு. 2021 அக்டோபரில் மத்திய நிதித்துறை, குறிப்பிட்ட சில பணிகளில் தரத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று வழிவிட்டபோதும், அந்த மதிப்பெண் 30 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்று வேலி போட்டது இந்த அச்சத்தால்தான்.

ஆனால் நாம் கேட்பது அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம்தரும் தர மதிப்பெண்ணன்று. யூனிட் கணக்கு! அழகு ஒருவர் கண்ணுக்கு ஒருவிதம் தோன்றும். மின்மானி எல்லோர் கண்ணுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். வாங்கும் விலை இவ்வளவு, பத்தாண்டு மின்செலவு இவ்வளவு, பராமரிப்பு இவ்வளவு, மூன்றையும் கூட்டு, எவருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு வேலை கொடு. குறைந்த விலை என்ற கொள்கை அப்படியே இருக்கின்றது. 'விலை' என்ற சொல்லுக்கு முழுப்பொருள் கிடைக்கின்றது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணையில் இந்த ஆயுட்காலச் செலவுக் கணக்குக்கு வழி செய்துவிட்டது.

ஐரோப்பா வரை போவானேன்? நம் 2000-ஆம் ஆண்டு விதிகளையே எடுத்துப் பாருங்கள். கருவிகள் வாங்கும்போது, ஓட்டும் செலவு, பராமரிப்பு, உதிரிப்பொருள் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறித்த காலத்துக்குக் கணக்கிட்டு, இயலுமிடத்தில் மதிப்பீட்டில் சேர்க்கலாம் என்று இடம் தரப்பட்டிருக்கின்றது. கதவு திறந்துதான் இருக்கின்றது! 'சேர்க்கலாம்' என்று இருப்பதால், சேர்க்காதிருப்போர் தப்பித்துக்கொள்கின்றனர். ஒரு 'லாம்' தமிழகத்துக்கு எத்தனை கோடி நட்டம் விளைவிக்கின்றது, பார்த்தீர்களா? அந்த 'லாம்' போகட்டும், 'வேண்டும்' வரட்டும்! கருவிக்கு மட்டுமன்று, கட்டடத்துக்கும் வரட்டும்!

"நம் நாட்டில் நடக்குமா?" என்று நெற்றியைச் சுருக்குவோர், கோட்டூர்புரம் சென்று வரட்டும். 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடத்துக்கான 'லீட்' தங்கத் தரச்சான்று பெற்றது. சர்க்கார் பணத்தில், சர்க்கார் எழுப்பிய கட்டடம்! ஒரு நூலகத்துக்கு முடிந்தது, ஊருக்கு ஒரு பள்ளிக்கு முடியாதா? முடியும், ஆனால் சான்றிதழ்ப் பலகை மாட்டுவதோடு கடமை தீர்ந்துவிடாது. திறந்த நாளில் பெற்ற சான்று, பத்தாம் ஆண்டு மின்சீட்டுக்கு விடையாகாது. அளக்க வேண்டும், ஆண்டுதோறும் அளக்க வேண்டும், அளந்ததைக் கட்டடத்தின் வாயிலில் எழுதி வைக்க வேண்டும்.

இந்தச் சீமையின் வயலுக்குப் பெரியாற்று நீர் வருவது 1895-ல் கட்டி முடித்த அணையால். அதற்காக 1886-ல் எழுதிய உடன்படிக்கையின் காலம் 999 ஆண்டு! அன்னியர் எழுதிய அந்த உடன்படிக்கையின் நியாய அநியாயம் வேறு வழக்கு. ஆனால், நூற்றாண்டுகளை எண்ணிக் கணக்கெழுதும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு அது சான்று. இன்று நாம் ஐந்தாண்டைத் தாண்டி எண்ண மறுக்கின்றோம். அடிக்கல் ஒரு தேர்தலுக்கு, திறப்பு விழா மறு தேர்தலுக்கு! இடையிலும் பின்னாலும் வருவது யார் தலையிலோ!

இப்போது நம் தோழர்களுக்கு நேராகச் சில சொற்கள்.

ஒப்பந்தப்புள்ளி என்றதும் நம்மில் சிலர் கேட்கும் முதற்கேள்வி, 'யாருக்குக் கிடைத்தது?' என்பது. அந்தக் கேள்வி மாற வேண்டும்! 'எதற்குக் கிடைத்தது? அது எவ்வளவு தின்னும்?' என்று கேட்க வேண்டும். மாமன்றத்தில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானம் நிறைவேற்றுகின்றார்களே, அந்தக் கை தூக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்.

ஒன்று: இக்கட்டடத்தின் ஓராண்டு மின்செலவு எவ்வளவு என்று மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கின்றதா? எழுதப்படாத மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டு: விசிறி, விளக்கு, மோட்டார், குளிர்சாதனம் வாங்கும் ஆவணத்தில் ஓட்டும் செலவு அளவுகோலாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றதா? சேர்க்கப்படாவிட்டால், ஏன் என்ற காரணத்தைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதக் கூசுவோர் கணக்கைச் சேர்ப்பர்.

மூன்று: ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டியதில் நிறுத்திவைக்கும் தொகையை விடுவிக்குமுன், ஓராண்டு மின்மானிக் கணக்கு பார்க்கப்பட்டதா? சொன்ன கருவி ஒன்று, மாட்டிய கருவி வேறொன்று என்றால், மின்மானி காட்டிக் கொடுத்துவிடும்.

தனியார் வணிகக் கட்டடங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி தரும்போது நெறிமுறையைப் பார். கட்டி முடித்தபின் முடிவுச் சான்று தருமுன் நேரில் சென்று பார். 'கட்டுபவர் தம் பணத்தில் கட்டுகிறார், நமக்கென்ன?' என்று கேட்காதீர்கள். கட்டுபவர் ஒருவர், வாடகைக்கு வருபவர் வேறொருவர். கண்ணாடிக்குள் வெந்துகொண்டே மின்கட்டணம் கட்டுபவர் அந்தச் சிறு வணிகர். அவர் கட்டணத்தைச் சரக்கின் மேல் ஏற்றுகின்றார். கடைசியில் கட்டுபவர் கடைக்கு வரும் நம் தாய்மார்! விதியைத் தளர்த்திக் காட்டும் சலுகை கட்டடச் சொந்தக்காரருக்கு, சுமை ஊருக்கு. இந்தச் சலுகைக்கு எவர் சிபாரிசு செய்து வந்தாலும் — நம்மவரே வந்தாலும் — கதவை மூடுங்கள்.

மேடையில் நாம் சிக்கனம் பேசுகின்றோம். சிக்கனம் என்பது குறைவாகக் கொடுப்பதன்று. கொடுத்ததற்கு நிறைவாகப் பெறுவது. இன்று நாம் எழுப்பும் பள்ளியில் நாளை நம் பிள்ளைகள் அமர்வர். அதற்கடுத்து அவர்தம் பிள்ளைகள் அமர்வர். வெந்த கூரையையும் வீங்கிய மின்சீட்டையும் அவர்களுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, 'ஒப்பந்தப்புள்ளியில் மிச்சம் பிடித்தோம்' என்று சொன்னால், அவர்கள் நம்மை என்னவென்று அழைப்பர்?

அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு முன்னால், ஒவ்வொரு வட்டத்துத் தோழர்களும் தம் பகுதியின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லட்டும். ஓராண்டு மின்சீட்டைக் கேட்டு வாங்கி, எழுதி வரட்டும். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். கோப்பு எழுதுவோர்க்கு முழக்கம் கேட்காமல் போகலாம். எண் கேட்காமல் போகாது. கேட்கும் வரை கேட்போம்!